காழ் இல்லாத பசுமை: மாஸ், ஈரற்செடி ஆகியவற்றின் உடலமைப்பும் திசுக்களும்

தமிழில் ‘பாசி’ என்னும் ஒரு சொல் சுமக்கும் பொருள்கள் பல. ரமலான் மாதத்து மாலையில் நோன்பு திறக்கும் விரிப்பில் பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் அருகே வைக்கப்படும் கடற்பாசி ஒரு பாசி. பிரியாணிக்குத் தாளிக்கும்போது பட்டை, கிராம்பு, ஏலத்துடன் எண்ணெயில் விழும் கல்பாசி மற்றொரு பாசி. பள்ளிவாசல் ஹவுளின் படியில் கால் வைத்தவரை வழுக்கிவிடுவது மூன்றாவது பாசி. ஐப்பசி மழைக்குப் பின் மதிற்சுவரின் மேல் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் அடர்ந்து நிற்பது நான்காவது. பெயர் ஒன்றாக இருத்தலால் இவை நான்கும் ஓரினம் என்றே நம்முள் பலர் கருதி வருகின்றனர்.

உண்மை அவ்வாறன்று. கடற்பாசி என்பது கடலில் வாழும் சிவப்பு ஆல்கா இனங்களைக் காய்ச்சி எடுக்கும் கூழ்ப்பொருள். கல்பாசி லைக்கன் எனப்படும் வகை. பூஞ்சை ஒன்றும் ஆல்கா ஒன்றும் பிரிக்க இயலாதபடி கூடி நடத்தும் குடித்தனம் அது. யூனானி மருத்துவத்தில் ‘உஷ்னா’ எனப் பெயர் பெறுவதும் இவ்வகை லைக்கனே. ஹவுளின் படியில் உள்ள வழுவழுப்போ பெரும்பாலும் நுண்ணிய ஆல்காக்களும் நீலப்பசும் பாக்டீரியங்களும் சேர்ந்து படர்ந்த மென்படலம். நான்காவதாகச் சொன்ன சுவர்ப்பாசி ஒன்றே தண்டு, இலை போன்ற உறுப்புகள் கொண்டு நிலத்தில் நின்று வாழும் தாவரம். தாவரவியலார் அதனை மாஸ் என்பர். இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் ‘ஐரிஷ் மாஸ்’ என்பது கடல் ஆல்கா. ‘ரெயின்டீர் மாஸ்’ என்பது லைக்கன். ‘ஸ்பானிஷ் மாஸ்’ என்பதோ அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் செடி.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்க்கு இலக்கிய வகுப்பிலிருந்தே ஒரு விடை கூறலாம். குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் தலைவியின் பசலைக்கு ஊர்க்கேணியின் பாசியை உவமையாக்குகிறார். கைபட்ட இடத்தில் ஒதுங்கி, கையை எடுத்ததும் மீண்டும் வந்து மூடிக்கொள்ளும் நீர்ப்பாசி அது. இதற்குப் பொருள் கூறும் ஆசிரியர் ‘மாஸ்’ என்று சொல்லிவிட்டால் உவமையே நில்லாது போகும். ஏனெனில் சுவரையும் பாறையையும் பற்றி நிற்கும் மாஸ் தொட்டால் விலகுவதில்லை, பெயர்த்தால் மீண்டும் கூடுவதுமில்லை. ஆகவே பாசியின் இனம் அறிதல் தாவரவியல் மாணவர்க்கு மட்டுமன்றித் தமிழ் மாணவர்க்கும் வேண்டுவதே.

இக்கட்டுரையில் மாஸ் என்னும் சொல்லை அப்படியே ஆள்கிறோம். லிவர்வொர்ட் எனப்படுவதை ஈரற்செடி என்றும், ஹார்ன்வொர்ட் எனப்படுவதைக் கொம்புச்செடி என்றும் வழங்குகிறோம். மடல் மடலாகக் கிடக்கும் உடல் ஈரலை ஒத்திருந்தமையால் ஈரல் நோய்க்கு அது மருந்தாகும் என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பினர். நம்பிக்கை பொய்த்தது, பெயர் நிலைத்தது. இம்மூன்று வகையும் சேர்ந்ததே பிரையோபைட்டா என்னும் பெருந்தொகுதி. உலகில் மாஸ்கள் ஏறத்தாழ 12,000, ஈரற்செடிகள் 7,000 அளவில், கொம்புச்செடிகள் 200க்குச் சற்று மேல். பூக்கும் தாவரங்களுக்கு அடுத்தபடியாக நிலத்தாவரங்களில் மிகுதியான இனங்கள் கொண்ட தொகுதி இதுவே.

காழும் குழாயும்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பகுக்கும் முறை தமிழ் மாணவர் அறிந்ததே. வன்மை புறத்தே உடையன புல் என்றும், அகத்தே உடையன மரம் என்றும் ஆசிரியர் பிரிக்கிறார். தென்னையும் பனையும் மூங்கிலும் முன்னதன்பாற்படும். வேம்பும் புளியும் பின்னதன்பாற்படும். இதனைக் கொண்டு ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டைத் தொல்காப்பியர் அன்றே கண்டுவிட்டார் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். அவ்வளவு தூரம் செல்ல நாம் விரும்பவில்லை. ஆயினும் தாவரத்தை அதன் காழ் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பிரிக்கலாம் என்று கண்ட நோக்கு கூர்மையானது என்பதில் ஐயமில்லை. ஏனெனில் காழ் என்பது தாவர உடலின் உட்கட்டமைப்பைப் பற்றிய கேள்வி.

அக்கேள்வியைச் சுவரிலுள்ள மாஸிடம் கேட்டால் கிடைக்கும் விடை: புறத்தும் இல்லை, அகத்தும் இல்லை. காழின் வன்மைக்குக் காரணமான பொருள் லிக்னின் என்பது. மரங்களில் நீரை மேலேற்றும் சைலம் என்னும் திசுவின் செல்சுவர்களில் இப்பொருள் ஊறிப் படிந்து, அவற்றைக் குழாயாகவும் தூணாகவும் ஒருங்கே ஆக்குகிறது. நீரை ஏற்றுவதும் உடலைத் தாங்குவதும் ஒரே திசுவின் இரு தொழில்கள். பிரையோபைட்டுகளில் உண்மையான லிக்னின் இல்லை. அதனை ஒருவாறு ஒத்த பீனால் சேர்மங்கள் சில உண்டு, அவ்வளவே. எனவே லிக்னின் ஏறிய சாற்றுக்குழாய் அவற்றிற்கு இல்லை. ஓரங்குலம் உயர்ந்தாலே மாஸ்களில் அது நெட்டை எனப்படும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் வளரும் டாசோனியா என்னும் மாஸ் அரை மீட்டர் அளவு உயர்கிறது; தனித்து நிற்கும் மாஸ்களுள் மிக உயரமானது அதுவே.

இந்த இடத்தில்தான் நம் மாணவர் பலர் இடறுகின்றனர். ‘சாற்றுக்குழாய்த் திசு இல்லை’ என்று நூல் சொல்வது தேர்வுத் தாளில் ‘திசுக்கள் இல்லை’ என்று சுருங்கிவிடுகிறது. சில வழிகாட்டி நூல்களும் இப்பிழையைத் தாங்கி வருகின்றன. ஒரு சொல் குறைந்ததால் ஒரு பெருந்தொகுதியின் உடலமைப்பு முழுவதும் மறைக்கப்பட்டுவிடுகிறது. திசு என்பது யாது? அமைப்பில் ஒத்து, ஒரு தொழிலுக்கென ஒன்றுகூடிய செல்களின் தொகுதி. இவ்விலக்கணத்தை வைத்துப் பார்த்தால் விரல்நக அளவுள்ள ஓர் ஈரற்செடியிலேயே மூன்று நான்கு திசுக்களைப் பிரித்துக் காட்ட இயலும்.

தரையோடு படிந்தவை

முதலில் ரிக்சியாவைக் காண்போம். மழைக்காலத்தில் வயல் வரப்பிலும் ஈரமண்ணிலும் சிறு பச்சை ரோசாப்பூப் போல வட்டமாகப் படர்ந்து கிடப்பது இது. தண்டென்றும் இலையென்றும் பிரிவில்லாத தட்டையான உடல். தாலஸ் என்பது அதன் பெயர். நுனி தோறும் இரண்டிரண்டாகக் கிளைக்கும். இதனைக் குறுக்கே மெல்லியதாக அரிந்து நுண்ணோக்கியில் வைத்தால் இரு பகுதிகள் தெளிவாகத் தெரியும். மேற்பகுதியில் பச்சையம் நிறைந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நெடுந்தூண்களாக நிற்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவே காற்றோடும் குறுகிய சந்துகள். இது உணவாக்கும் திசு. கீழ்ப்பகுதியில் நிறமற்ற பாரங்கைமா செல்கள் நெருங்கி அமைந்து மாவுப்பொருளைச் சேமித்து வைக்கும். அடிப்புறத்தில் ஒரே செல் நீண்டு இழையானாற்போன்ற வேரிகள். இவற்றுள் உட்சுவர் வழுவழுப்பானவை ஒருவகை. உட்புறம் முளை முளையாகப் புடைத்தவை மற்றொருவகை. வேரி வேரன்று, வேர்த்திசு எதுவும் அதில் இல்லை. பற்றிக்கொள்வதும் ஓரளவு நீர் ஈர்ப்பதுமே அதன் பணி.

மார்க்கான்ஷியாவின் கட்டமைப்பு இதனினும் நுட்பமானது. மலைப்பகுதி ஓடைக் கரைகளில் வளரும் இதன் மேற்பரப்பைக் கைவில்லையால் நோக்கினால் அறுகோணக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி. அக்கட்டம் ஓர் அறையின் கூரை. புள்ளி அதன் புகைபோக்கி. அறையின் தரையிலிருந்து பச்சையச் செல்களாலான குறுந்தொடர்கள் கள்ளிச்செடி போல் கிளைத்து எழும். புகைபோக்கி பீப்பாய் வடிவினது. நான்கு நான்கு செல்கள் கொண்ட வளையங்கள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அமைவது. பூக்கும் தாவரத்தின் இலைத்துளையில் இரு காவல் செல்கள் நின்று திறந்து மூடுவதுபோல் இங்கே இல்லை. இருப்பினும் உள்ளே ஈரத்தைக் காத்து வெளியே காற்றுடன் தொடர்பு கொள்ளும் தேவை ஒன்றே. அதற்கு இச்செடி வேறொரு வழி கண்டுள்ளது என்க. அறைகளுக்குக் கீழே சேமிப்புத் திசு. அதில் இடையிடையே எண்ணெய் தாங்கிய செல்களும் வழுவழுப்பான பிசின் நிறைந்த செல்களும் உண்டு. ஈரற்செடிகளை நசுக்கினால் சிலவற்றில் எழும் மணத்துக்கும், பூச்சிகள் அவற்றை எளிதில் தீண்டாமைக்கும் இவ்வெண்ணெயே காரணமாகக் கூறப்படுகிறது.

இதன் முதுகில் சிறு கிண்ணங்கள் காணப்படும். கிண்ணத்தினுள் ஜெம்மா எனப்படும் பச்சை வில்லைகள். மழைத்துளி ஒன்று கிண்ணத்தில் விழுந்து தெறிக்கும்போது வில்லைகளும் தெறித்துச் சென்று விழுந்த இடத்தில் புதுச்செடியாகின்றன. விதையில்லை, மகரந்தமில்லை, மழையின் விசையே விதைப்பவன்.

கொம்புச்செடிகளைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். ஆந்தோசெராஸில் செல்லுக்கு ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம் அமைவது நிலத்தாவரங்களில் அரிய காட்சி, ஆல்காக்களை நினைவூட்டுவது. அதன் தாலஸில் உள்ள பிசின்குழிகளில் நாஸ்டாக் என்னும் நீலப்பசும் பாக்டீரியம் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது.

நிமிர்ந்து நின்றவை

இனி மாஸ்களுக்கு வருவோம். பாடநூல்கள் எல்லாம் பியூனேரியாவையே எடுத்துக்காட்டாகக் கொள்ளும். ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் உயரமுள்ள தண்டு. அதைச் சுற்றிச் சுருள் வரிசையில் இலைகள். இலையின் தடிப்பு, நடு நரம்பை விடுத்தால், ஒரே ஒரு செல். இதனாலேயே மாஸ் இலையை வெட்டாமலே நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொரு செல்லையும் பசுங்கணிகங்களோடு எண்ணிவிடலாம். இத்தகைய வசதியை மாமர இலை நமக்குத் தருவதில்லை. மாஸின் வேரிகள் பல செல்களால் ஆனவை. செல்களின் இடைச்சுவர் சாய்வாக அமைவது அவற்றின் அடையாளம். தண்டின் குறுக்குவெட்டில் புறத்தோல், அதனுள் புறணி, நடுவே மெல்லிய சுவருடைய ஒடுங்கிய செல்களாலான மையக்கற்றை என மூன்று பகுதிகள் தெரியும்.

அந்த மையக்கற்றை ஏன் அங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு விடை பாலிடிரைக்கம் என்னும் பெரிய மாஸில் கிடைக்கிறது. இதன் குடும்பத்தைச் சேர்ந்த போகோனேட்டம் நம் மலைச்சாலைகளின் மண்சரிவுகளில் வளர்கிறது. ஆர்வமுள்ளோர் அதனையே எடுத்து நோக்கலாம். பாலிடிரைக்கத் தண்டின் நடுவில் ஹைட்ராய்டு எனப்படும் நீண்ட செல்கள் கற்றையாக நிற்கின்றன. முதிர்ந்ததும் இவை உயிர்ப்பொருளை இழந்து வெறும் குழலாகி, நீரைக் கடத்துகின்றன. சைலக் குழலும் இறந்த பின்னரே தொழில் செய்கிறது என்பதை இங்கே ஒப்பு நோக்குக. ஹைட்ராய்டுகளைச் சூழ்ந்து லெப்டாய்டு என்னும் செல்கள். இவை உயிருள்ளவை, உணவைக் கடத்துபவை. பூக்கும் தாவரத்தின் புளோயச் சல்லடைச் செல்களைப் பெரிதும் ஒத்தவை. இன்னும் புறத்தே தடித்த சுவருடைய தாங்குசெல்கள். அமைப்பும் இடமும் தொழிலும் சைலம், புளோயம் போன்றே இருக்க, ஒன்று மட்டும் இல்லை: ஹைட்ராய்டின் சுவரில் லிக்னின் இல்லை; சைலத்தில் காணப்படும் வளைய, சுருள் தடிப்புகளும் இல்லை.

கோட்லீப் ஹேபர்லாண்ட் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1886இல் வெளியிட்ட மாஸ்களின் உடற்கூற்று ஆய்விலேயே இத்திசுக்களை விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் இவை உயர்தாவரங்களின் குழாய்களோடு உறவுடையனவா, அன்றித் தற்செயலாக ஒத்தனவா என்பது நெடுங்காலம் வழக்காகவே இருந்தது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர் பியூனேரியாவின் குடும்பத்து மாஸ் ஒன்றில் சில மரபணுக்களைச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். ஹைட்ராய்டுகளும் தாங்குசெல்களும் முறையாக உருவாகவில்லை. அம்மரபணுக்களோ பூக்கும் தாவரங்களில் சைலத்தையும் நார்ச்செல்களையும் உருவாக்கும் மரபணுக் குடும்பத்தையே சேர்ந்தவை. மாஸின் மயிரிழைத் தண்டுக்கும் தேக்கின் வைரத்துக்கும் பொதுவான பழைய ஆணை ஒன்று உள்ளே இயங்குகிறது என்பது இதனால் புலனாயிற்று.

பாலிடிரைக்கத்தின் இலையும் தனிச்சிறப்புடையது. அதன் மேற்பரப்பில் ஒரு செல் தடிப்புள்ள பச்சைத் தகடுகள் நூலகத்துப் புத்தகங்கள் போல் வரிசையாக நெட்டுக்குத்தாக நிற்கின்றன. தகடுகளுக்கிடையே காற்றும் ஈரமும் தங்கும். வெயிலேறி ஈரம் குறையும்போது இலை விளிம்புகள் உள்மடிந்து அவற்றைப் போர்த்திக்கொள்ளும்.

ஆயினும் பெரும்பாலான மாஸ்கள் உட்குழலை நம்பி வாழ்வன அல்ல. இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள நுண்சந்துகளில் நீர் தானே ஏறிப் பரவுகிறது. உடலின் புறப்பரப்பு முழுவதும் அதனை உறிஞ்சிக்கொள்கிறது. நெருங்கி மெத்தையாக வளர்வதன் பயன் இதுவே. தனிச்செடியைப் பிடுங்கி வைத்தால் விரைவில் உலரும். மெத்தையோ நெடுநேரம் ஈரம் காக்கும்.

இறந்த செல்லின் பயன்

ஸ்பாக்னம் என்னும் சதுப்பு நில மாஸைச் சற்று நின்று நோக்க வேண்டும். அதன் இலையில் இருவகைச் செல்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. வலையின் நூலாக அமைவன குறுகிய பச்சைச் செல்கள், உயிருள்ளவை. வலையின் கண்ணாக அமைவன பெரிய, நிறமற்ற, இறந்த செல்கள். அவற்றின் சுவரில் துளைகளும், சுவர் ஒடுங்கிவிடாமல் தாங்கும் வளையத் தடிப்புகளும் உண்டு. இவ்வெற்றறைகளே நீர்த்தொட்டிகள். தன் உலர் எடையைப்போல் பதினாறு முதல் இருபது மடங்கு வரை நீரைப் பிடித்து வைக்க ஸ்பாக்னத்தால் இயலும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது பிரிட்டனில் இதனைச் சேகரித்து உலர்த்திக் காயக்கட்டுகளாகப் பயன்படுத்தினர். குருதியை உறிஞ்சுவதோடு, அமிலத் தன்மையால் கிருமிகள் பெருகுவதையும் ஓரளவு அது தடுத்தது.

அதே அமிலத்தன்மை சதுப்பில் வேறொரு வேலை செய்கிறது. இறந்த ஸ்பாக்னம் எளிதில் மக்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து கரிச்சதுப்பாகிறது. உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடு அளவே உள்ள கரிச்சதுப்புகள் உலகின் காடுகள் அனைத்தையும்விட மிகுதியான கரியைத் தம்முள் அடக்கியுள்ளன என்பது இன்றைய கணிப்பு. அவற்றைத் தோண்டி உலர்த்துந்தோறும் அக்கரி காற்றில் கலக்கிறது. இலையின் இரண்டு செல்வகைகள் உலகத் தட்பவெப்பத்தோடு தொடர்புடையன என்று சொன்னால் அது மிகைக்கூற்றன்று.

தாயைப் பற்றிய சேய்

நாம் மாஸ் என்று காண்பது அதன் வாழ்வின் ஒரு தலைமுறையை மட்டுமே. பசும் இலைகளோடு நிற்பது பாலணுக்களைத் தரும் தலைமுறை. அதன் நுனியில் மெல்லிய காம்பின்மேல் உறை ஒன்று தலைசாய்ந்து நிற்குமே, அது அடுத்த தலைமுறை, வித்துத்தூள்களைத் தருவது. ஒன்றன்மேல் மற்றொன்று முளைத்து, ஒன்றை மற்றொன்று பற்றி வாழ்வதால் பார்ப்பவர்க்கு ஒரே செடியாகத் தோன்றும். இத்தலைமுறை மாற்றத்தின் ஒழுங்கை மாஸ் முதல் ஊசியிலை மரம் வரை தொடர்ந்து காட்டியவர் வில்ஹெல்ம் ஹோப்மைஸ்டர். 1851இல் அந்நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 27. பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. லைப்சிக் நகரில் தந்தையின் இசைநூல் பதிப்பகத்தில் பணியாற்றிக்கொண்டு, வைகறையில் எழுந்து நுண்ணோக்கியில் கண்வைத்தவர். கிட்டப்பார்வையுடையவர் என்பதும் குறிக்கத்தக்கது.

கருவுறுதலுக்கு நீர் வேண்டும். ஆணுறுப்பாகிய ஆந்திரிடியத்திலிருந்து வெளிப்படும் அணுக்கள் இரு சாட்டையிழைகளை அசைத்து நீந்திச் செல்கின்றன. குடுவை வடிவான ஆர்க்கிகோனியத்தின் கழுத்திலுள்ள செல்கள் கரைந்து வழி விடுகின்றன. மாஸ்களில் இவ்வணுக்களை ஈர்ப்பது கரும்புச் சர்க்கரையே என்று வில்ஹெல்ம் பெபர் 1884இல் கண்டார். பனித்துளியோ மழைத்துளியோ இரண்டு செடிகளை இணைக்கவில்லையேல் பயணம் தடைப்படும். துள்ளுபூச்சி, உண்ணி முதலிய நுண்ணுயிர்கள் இவ்வணுக்களைச் சுமந்து செல்வதும் உண்டு என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று 2006இல் வெளிப்படுத்தியது. திருமறை நீரை உயிரின் மூலமாகப் பேசுவதை அறிந்த வாசகர்க்கு, நிலத்துக்கு வந்தும் நீரின் உறவை விடாத இச்செடிகள் சிந்தனைக்கு உரியன.

கருவுற்ற முட்டை தாய்ச்செடியினுள்ளேயே வளர்கிறது. வளரும் சேயின் அடிப்பகுதி பாதம் எனப்பெறும். தாயின் திசுவுக்குள் அது ஊன்றி நிற்கும். தாயும் சேயும் தொடும் எல்லையில் இருபுறத்துச் செல்களின் சுவர்களும் உள்நோக்கி மடிப்பு மடிப்பாக வளர்ந்து பரப்பைப் பெருக்கிக்கொள்கின்றன. உணவு இவ்வழியே சேய்க்குச் செல்கிறது. பாலூட்டிகளில் கருவைத் தாயோடு இணைக்கும் நச்சுக்கொடியின் பெயரையே தாவரவியலார் இவ்விடத்துக்கும் இட்டுள்ளனர். குழாய்த் திசு இல்லாத செடி என்று நாம் எளிதாகக் கடந்துவிடும் இடத்தில் இத்தகைய நுட்பமான கடத்துதிசு உள்ளது.

சேயின் காம்பு நீண்டு உறையை உயர்த்துகிறது. பியூனேரியாவின் உறையில் இலைத்துளைகள் உண்டு. காவல் செல்கள் இரண்டாகப் பிரியாமல் ஒரே வளையச் செல்லாகி, இரு உட்கருக்களுடன் நிற்பது விந்தை. உறையின் வாயில் பதினாறு பதினாறாக இரு வரிசைப் பற்கள். காற்றின் ஈரப்பதத்துக்கேற்ப அவை வளைந்து நிமிர்ந்து வித்துத்தூளைச் சிறிது சிறிதாக வெளிவிடும். ஈரற்செடிகளில் இப்பற்கள் இல்லை. மாறாகத் தூள்களுக்கிடையே சுருள்வில் போன்ற எலேட்டர்கள் கிடந்து, உலரும்போது முறுக்கித் தூளைச் சிதறடிக்கின்றன. கொம்புச்செடியின் உறையோ அடியிலிருந்து தொடர்ந்து வளர்ந்துகொண்டே, நுனியிலிருந்து முதிர்ந்து பிளந்துகொண்டே வரும். அடியில் உள்ள ஆக்குத்திசு ஓய்வதில்லை.

தாழ்ந்தவை என்னும் பெயர்

‘தாழ்நிலைத் தாவரங்கள்’ என்று இவற்றை அழைப்பது நூல்வழக்கு. ஆல்காவிலிருந்து ஈரற்செடி, அதிலிருந்து மாஸ், அதிலிருந்து பெரணி, இறுதியில் பூக்கும் செடி என ஏணி ஒன்றை வரைந்து காட்டுவர். அந்த ஏணி இன்று ஆட்டம் கண்டுள்ளது. 2018 முதல் வெளிவந்துள்ள மரபணுத்தொகுதி ஒப்பாய்வுகள் பலவும் மாஸ், ஈரற்செடி, கொம்புச்செடி மூன்றும் ஒரு கிளை என்றும், குழாய்த் தாவரங்கள் அதன் உடன்பிறந்த மற்றொரு கிளை என்றும் காட்டுகின்றன. அங்ஙனமாயின் பிரையோபைட்டுகள் உயர்தாவரங்களின் பாட்டன்மார் அல்ல, பங்காளிகள். ஈரற்செடிகளில் இலைத்துளை இல்லாமை, அவை இன்னும் அந்நிலையை எட்டாமையால் அன்று, முன்னோரிடம் இருந்ததைத் துறந்தமையால் என்றே இப்போது பலரும் கருதுகின்றனர். எளிமை எல்லாம் பழமை ஆகாது. மாணவர் நூல்களில் இம்மாற்றம் தமிழில் இடம்பெறுவது இன்றியமையாதது. ஆங்கிலவழி மாணவர் படிக்கும் செய்தி தமிழ்வழி மாணவர்க்குப் பத்தாண்டு கழித்தே கிட்டும் நிலை நீடித்தல் கூடாது.

நம் நாட்டில் இத்துறையை வளர்த்தவர்களுள் தலையாயவர் சிவராம் காஷ்யப் (1882–1934). லாகூரில் பேராசிரியராக விளங்கிய அவர் மேற்கு இமயம், பஞ்சாபு ஆகியவற்றின் ஈரற்செடிகளைப் பற்றி எழுதிய நூல் 1929இலும் 1932இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. தமிழகத்தில் பழனி மலையின் மாஸ்களைத் தொகுத்தவர் செண்பகனூரோடு தொடர்புடைய இயேசு சபைத் துறவி ஜார்ஜ் போரோ. அவர்தம் கட்டுரை 1961இல் அச்சேறியது. அச்சோலைகளின் மரங்களிலும் பாறைகளிலும் இருந்து பூந்தொட்டிக்கும் அலங்காரத்துக்கும் பாசியை உரித்தெடுக்கும் வழக்கம் மலைப்பகுதிகளில் உண்டு. உரித்த இடத்தில் மெத்தை மீண்டும் படர ஆண்டுகள் பல ஆகும். மலைமேல் பெய்த மழையை உடனே ஓடவிடாமல் பிடித்து வைத்து மெல்லக் கசியவிடுவதில் அம்மெத்தைக்கும் பங்குண்டு என்பதை உரிப்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார்.

செய்து காண்பதற்கு

இவற்றை அறிய மலையேற வேண்டுவதில்லை. சமவெளிச் சுவர்களில் வளரும் ஹையோபிலா என்னும் சிறு மாஸ் ஏறத்தாழ எங்கும் கிடைக்கும். கார்த்திகை மாதத்தில் சுவரிலிருந்து விரல்நுனி அளவு மட்டும் கத்திமுனையால் பெயர்த்துத் தாளில் மடித்து வைத்தால் போதும். அது உலர்ந்து பல மாதங்கள் அப்படியே இருக்கும். தண்டின் குறுக்குவெட்டைக் காண விரும்புவோர் ஒரு நெட்டித் துண்டைப் பிளந்து அதனிடையே செடியைச் செருகி, நனைத்த சவர அலகால் நெட்டியோடு சேர்த்து மெல்லிய சீவல்களாக அரிய வேண்டும். சீவல்களை நீருள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்துச் சாப்ரனின் சாயம் ஒரு துளி இட்டு நோக்குக. மையக்கற்றையின் செல்கள் புறணிச் செல்களினும் சிறியனவாக நடுவில் குவிந்திருப்பது புலப்படும்.

சாயம் இடுமுன் வேறொன்று செய்து பார்க்கலாம். உலர்ந்த ஹையோபிலாவின் இலைகள் விளிம்பு உள்மடிந்து சுருண்டு, கருகியதுபோல் தோன்றும். கைவில்லையின் கீழ் வைத்து ஒரு சொட்டு நீர் விடுக. வேரிலிருந்து நீர் ஏறுவதற்காக அது காத்திருப்பதில்லை. இலைச் செல் ஒவ்வொன்றும் தன் சுவர் வழியே நேரடியாக நீரை ஏற்கிறது. சில நொடிகளில் இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து பச்சையாகும். நீர் வற்றியதும் மீண்டும் மடியும். எத்தனை முறை விட்டாலும் அத்தனை முறை விரியும்.